தேவதாரு மேட்டு வீடு

அரண்மனைகளுக்கு வரலாறு எழுத ஆட்கள் ஏராளம். கட்டிய மன்னன் யார், வென்ற நாடு எது, சூடிய முடி எத்தகையது என்று ஏடு ஏடாக எழுதிக் குவித்துள்ளனர். குடியிருப்புப் பகுதியிலே நிற்கும் செங்கல் வீடு ஒன்றுக்கும் வரலாறு உண்டு என்றால் நகைப்போர் இருக்கக்கூடும். அவர்கள் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குச் சென்று, அனகாஸ்டியா ஆற்றுக்கு அப்பால் மேட்டின்மீது நிற்கும் சீடர் ஹில் இல்லத்தைக் காணட்டும். தேவதாரு மேடு என்பது அப்பெயரின் பொருள்.

1854-இல் ஜான் வான் ஹூக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அந்த ஆற்றங்கரையில் நிலம் வாங்கி, மனைகளாகப் பிரித்து, யூனியன் டவுன் என்று பெயரிட்டு விற்றனர். அக்கரையிலிருந்த கடற்படைப் பட்டறையின் தொழிலாளர் குடியேற வேண்டும் என்பது திட்டம். விற்பனைக்குச் சில நிபந்தனைகளும் விதித்தனர். மனையில் பன்றி வளர்க்கலாகாது, சோப்புக் காய்ச்சலாகாது, ஆப்பிரிக்க இரத்தம் ஓடும் எவருக்கும் அதை விற்கலாகாது! பன்றியையும் சோப்புக் கொப்பரையையும் விலக்கிய அதே பேனா, மனிதனையும் விலக்கிற்று. ஊர் என்றும் சேரி என்றும் மண்ணைப் பிரித்து வைத்த நாட்டிலே பிறந்த நமக்கு இந்த நிபந்தனையின் பொருளை விளக்கத் தேவையில்லை.

வான் ஹூக் தமக்கென மேட்டின்மீது ஒரு வீடு எழுப்பினார். 1855-க்கும் 1859-க்கும் இடையில் கட்டப்பட்ட அந்த வீடு செங்கல்லால் ஆனது. இரண்டு தளங்கள், அவற்றுக்கு மேலே சாய்ந்த கூரையின்கீழ் மாடஅறை, முகப்பின் அகலம் முழுவதும் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், நடுவே கூடம், அதன் இருமருங்கும் வரவேற்பறைகள். தாழ்வாரத்தில் நின்றால் ஆற்றையும், அதற்கப்பால் நாடாளுமன்றக் கட்டடத்தின் வெண்ணிறக் கவிகையையும் காணலாம். ஊரைக் கீழே வைத்து, உரிமையாளரை மேலே வைத்த கட்டடம்!

காலம் கணக்குத் தீர்த்தது. வான் ஹூக் கடனில் மூழ்கினார், வீடு கைமாறியது. 1877-இல் அதை 6,700 டாலருக்கு வாங்கியவர் யார் தெரியுமா? அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ்! எவரை நுழைய விடலாகாது என்று விதி செய்தாரோ, அவரினத்தவர் ஒருவர் விதி செய்தவரின் வீட்டுக்கே உரிமையாளராய் வந்து சேர்ந்தார்.

டக்ளஸ் 1818-இல் மேரிலாந்தில் பிறந்தவர். பண்ணை முதலாளியின் மாளிகை ஓங்கி நின்ற இடத்திலே, இந்தச் சிறுவனுக்குப் படுக்கையும் இல்லை, போர்வையும் இல்லை. சோளம் சுமக்கும் கோணிக்குள் தலையை நுழைத்து, கால்கள் வெளியே நீட்டியிருக்க, ஈர மண்தரையில் உறங்கினான். பனியால் பாதம் வெடித்தது. தாம் எழுதும் பேனாவை அந்த வெடிப்புக்குள் கிடத்தலாம் என்று 1845-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் எழுதினார். கல்வி கற்றால் அடிமை கட்டுக்கு அடங்கமாட்டான் என்று எசமானன் தன் மனைவியைத் தடுத்ததைக் கேட்டபோதே, விடுதலைக்கு வழி எது என்று அச்சிறுவன் அறிந்துகொண்டான். 1838-இல் தப்பினார், மேடை ஏறினார், 1847-இல் 'வடமீன்' என்னும் பொருள்படும் பெயரில் ஏடு தொடங்கினார்.

அத்தகையவர் வீட்டை எவ்வாறு அமைத்துக்கொண்டார் என்று பார்ப்போம். பதினான்கு அறைகளாக இருந்ததை இருபத்தொன்றாகப் பெருக்கினார். அவற்றுள் உயிர்நாடி நூலகம். எழுத்து மறுக்கப்பட்டவன் எழுப்பிக்கொண்ட கோட்டை அது. லிங்கன் கொலையுண்டபின் அவருடைய மனைவி அனுப்பி வைத்த கைத்தடி அவ்வீட்டின் செல்வங்களுள் ஒன்று. வீட்டுக்குப் பின்னால் சாளரமற்ற சிறு கற்குடில் ஒன்றும் இருந்தது. தனித்திருந்து படிக்கவும் எழுதவும் அங்கே செல்வார். 'உறுமும் அறை' எனப் பொருள்படும் அதன் பெயரை டிக்கன்ஸின் புதினத்திலிருந்து எடுத்தார்.

1881-இல் தலைநகரின் நிலப் பத்திரங்களைப் பதியும் அலுவலகத்துக்கு அவரே தலைவரானார். கறுப்பருக்கு மண் இல்லை என்று எழுதிய பத்திரங்கள் உறங்கிய ஊரில், பதிவேடு ஒரு கறுப்பரின் பொறுப்பில்! அவர் அடிமைத்தளையிலிருந்து தப்பத் துணை நின்ற மனைவி அன்னா 1882-இல் மறைந்தார். 1884-இல் அந்த அலுவலகத்தில் எழுத்தராயிருந்த வெள்ளையினப் பெண் ஹெலன் பிட்ஸை மணந்தார். இரு தரப்பிலும் சினம் பொங்கியது. வாழ்க்கையில் இருவரும் பின்வாங்கவில்லை.

1895 பிப்ரவரி 20 அன்று பெண்கள் மாநாடு ஒன்றில் கலந்துகொண்டு வீடு திரும்பினார் டக்ளஸ். அன்று மாலையே உயிர் பிரிந்தது. அவருடைய உயிலில் போதிய சாட்சிகள் கையொப்பமிடவில்லை. எனவே வீடு ஹெலனுக்குச் சேரவில்லை. அவர் கடன்பட்டு அதை மீட்டார். ஊர் ஊராகச் சென்று பேசிப் பொருள் திரட்டினார். 1900-இல் நினைவுச் சங்கம் ஒன்றுக்கு நாடாளுமன்றத்தின் ஏற்பும் பெற்றார். கடன் தீருமுன் 1903-இல் இறந்தார். எஞ்சிய கடனைக் கறுப்பினப் பெண்கள் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு திரட்டித் தீர்த்தது. 1962-இல் வீடு அரசின் பொறுப்புக்கு வந்தது; 1972-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அந்த நிபந்தனைப் பத்திரங்கள் என்னவாயின? இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948-இல். வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனவேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது 1968-இல். டக்ளஸ் குடிபுகுந்து தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின்! ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டால் கதவு எல்லோருக்கும் திறந்துவிட்டது என்று மயங்கலாகாது. இந்தத் தொண்ணூறு ஆண்டுகள் கற்பிக்கும் பாடம் அதுவே.

தோழர்களே, பழைய வீடொன்றைக் காணும்போது தூணின் வேலைப்பாட்டை வியப்பதோடு நின்றுவிட வேண்டாம். உள்ளே வாழ்ந்தவர் யார், வாயிலில் நிறுத்தப்பட்டவர் யார், நிறுத்தச் சொன்ன விதியை எழுதியவர் யார் என்றும் கேளுங்கள். தேவதாரு மேட்டு வீடு இம்மூன்று கேள்விக்கும் விடை சொல்கிறது. நம் ஊர் வீடுகளும் சொல்லும்; கேட்போர் வேண்டும்.