பாட்டு பிறந்த மண் - 31
தெருக்குறளுக்கு முன்னால் ஒரு கலெக்டர்

'தெருக்குறள்' உருவான கதையை இந்த வாரம் சொல்வதாகப் போன இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். 2019இல் ஆஃப்ரோவின் இசையில் வந்த தொகுப்பு. அரக்கோணத்து ராப் பாடகர் அறிவுக்கு அதுதான் முதல் ஆல்பம். அவர் பாடிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, அதைத் தொடங்கிய திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித், இசையமைப்பாளர் டென்மா, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் நடந்த முதல் கச்சேரி எல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். நேரே பாட்டுக்குப் போய்விடலாம் என்று பார்த்தால், வழியில் உத்திரமேரூர் குறுக்கே நிற்கிறது.

உத்திரமேரூர் என்றாலே ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த குடவோலைத் தேர்தல். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919லும் 921லும், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டுகளைக் காட்டித்தான் மேடைக்கு மேடை மார்தட்டுகிறோம். சரி, ஓலையில் யார் பெயரை எழுதலாம்? கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். நாற்று நட்டவள் பெயரும் ஏரிக்கரைக்கு மண் சுமந்தவன் பெயரும் அந்தக் குடத்துக்குள் விழ வழியே இல்லை. கல்வெட்டின்மீது எனக்குக் கோபமில்லை. அதைப் பாதி மட்டும் வாசித்துக் காட்டுகிறவர்கள்மீதுதான்.

அந்தச் 'சொந்த மனை' விவகாரம், ஆயிரம் வருஷம் நெருங்கியும் தீராமல், இதே செங்கல்பட்டுச் சீமையில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கண்ணை உறுத்தியது. பெயர் ட்ரெமென்ஹீர். 1891இல் இந்த ஜில்லாவின் கலெக்டர் பொறுப்பில் இருந்தவர். பறையர்களின் நிலை பற்றி வருவாய் வாரியத்துக்கு அவர் எழுதிய அறிக்கையை ஒரு முறையாவது படித்துப் பாருங்கள். சேரியில் குடிசை ஆளுடையது, அது நிற்கிற மண் மிராசுதாருடையது. கூலியை உயர்த்திக் கேட்டால், வேறு பண்ணைக்குப் போனால், மனையைக் காலி பண்ணு. சில ரூபாய்க் கடனுக்குத் தகப்பன் பண்ணையாளாகப் போனால் மகனுக்கும் அதே பண்ணை. மனையைச் சொந்தமாக்குங்கள், தரிசைப் பிரித்துக் கொடுங்கள், பள்ளிக்கூடம் வையுங்கள் என்றார் மனுஷன். வாரியத்துக்கு அது ருசிக்கவில்லை. மிராசுதார்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்தக் கதையில் வில்லன்கள் அவர்கள்தான், மழுப்பிச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனாலும் 1892 செப்டம்பர் 30இல் அரசாணை எண் 1010 வந்தது. அதன்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பிரித்துக் கொடுத்ததுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அப்புறமும் அதே மக்களுக்குள்தான் விற்கலாம் என்று நிபந்தனை. 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதெல்லாம் யார் யார் கைக்குப் போனது என்று கேட்டுத்தான், காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் தலித் மக்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்தார்கள்.

இதற்கும் ஓர் ஆல்பத்துக்கும் என்ன சம்பந்தம்? நிலமில்லாத சனத்தில் ஒரு பகுதி கங்காணி பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறியது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளும் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டுத் திரும்பி வந்தவர்தான். பேரன் 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி'யில் பாடியது அந்த நிலமற்றவர்களின் கதையை. 2024இல் தனி ஆல்பம் போட்டபோது அதற்கு வைத்த பெயரே 'வள்ளியம்மா பேராண்டி'.

இப்படி இழப்பைப் பாட்டாக்குவது புதிதா என்றால், உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, அடிக்குச்சியால் ஒரு தட்டுத் தட்டி, போதாது என்று மறுபடி தீயில் காட்டுவார்கள். உள்ளே பெண்கள் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் மாரடித்து வாங்கிப் பாடுவார்கள். செத்தவருக்கு வராமல் போன கூலி, யாரோ எழுதித் தராத மனை எல்லாம் அந்த நிமிஷமே பாட்டாகிவிடும். பாட்டைக் கட்டியவள் பெயர் எந்த ரெக்கார்டிலும் ஏறியதில்லை. பெயர் விடுபடுவது அதோடு முடியவில்லை: 'எஞ்சாய் எஞ்சாமி' ஊரெல்லாம் ஒலித்த அதே 2021இல், அதை எழுதிய அறிவை விட்டுவிட்டு ஓர் இசைப் பத்திரிகை அட்டைப்படம் போட்டதும் பா. ரஞ்சித் கேள்வி கேட்டதும் நினைவிருக்கும்.

எனக்கு ஒதுக்கிய பக்கத்தை ட்ரெமென்ஹீர் சாப்பிட்டுவிட்டார். 'தெருக்குறள்' பாட்டுகளான 'ஆன்டி இந்தியன்', 'கள்ள மௌனி' இரண்டையும் அடுத்த வாரம் வரிசையாகக் கேட்போம்.

(தொடரும்)