அடுப்பும் வயலும்



உழவர் வீட்டு மாட்டுச் சாணத்தை இருவர் கேட்கின்றனர். ஒருவர் அடுப்பு, மற்றவர் வயல். வரட்டியாகத் தட்டி எரித்தால் சோறு வேகும். ஆனால் பயிருக்கு உணவாக வேண்டிய தழைச்சத்து புகையோடு போய்விடும். எருக்குழியில் இட்டு மக்கவைத்தால் நிலம் செழிக்கும். ஆனால் விறகு தேடி அலைய நேரும். பல தலைமுறைகளாக நடந்துவரும் இந்த வழக்கிற்கு இருசாராருக்கும் ஏற்ற தீர்ப்பு உண்டா? உண்டு என்று காட்டியதே சாண எரிவாயு. அதன் வரலாற்றை இன்று காண்போம்.

1776-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்டா, மஜ்ஜோரே ஏரியின் அடிச்சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைப் பிடித்து ஆராய்ந்தார். அவ்வாயு எரிந்தது. அதையே இன்று மீத்தேன் என்கிறோம். 1808-இல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி, மாட்டெருவிலிருந்தும் அதே வாயு பிறப்பதைக் கண்டார். 1897-இல் பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில், கழிவிலிருந்து எழுந்த வாயுவைச் சேகரித்துப் பயன்படுத்தினர். ஆகவே இக்கலை நம் நாட்டிற்குப் புதியதன்று.

இவ்வாயு எவ்வாறு உண்டாகிறது? சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்துக் காற்றுப் புகாத கலத்தில் விடுகிறோம். அங்கே ஒருவகை நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அமிலங்களாக்குகின்றன. வேறு வகை நுண்ணுயிர்கள் அந்த அமிலங்களிலிருந்து வாயுவை உண்டாக்குகின்றன. அதில் பாதிக்குமேல் மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. ஒரு கிலோ சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தரும். நான்கைந்து மாடுகளின் சாணம் ஒரு சிறு குடும்பத்தின் சமையலுக்குப் போதும். வாயு போனபின் வெளிவரும் குழம்பில் தழைச்சத்து அப்படியே நிற்கும். அது வயலுக்குப் போகும். அடுப்பும் வென்றது, வயலும் வென்றது. தாய்மார்களின் கண்ணும் நெஞ்சும் புகையினின்று தப்பின.

1939-இல் தில்லியிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் இதுபற்றிச் சோதனைகள் செய்தார். 1951-இல் ஜஷ்பாய் படேல், கவிழ்த்த இரும்புக் கொப்பரை மிதக்கும் கலம் ஒன்றை அமைத்தார். வாயு சேரச்சேரக் கொப்பரை உயரும். அதன் எடையே வாயுவைச் சீராக அடுப்புக்குத் தள்ளும். 1960-களில் கதர், கிராமத் தொழில் ஆணையம் இவ்வகைக் கலத்தைச் சிற்றூர்களில் பரப்பியது. ஆனால் இரும்பு துருப்பிடித்தது, விலையும் மிகுதி. ஆதலின் 1978-இல், சீன நாட்டு முறையைத் தழுவி, செங்கல்லால் கவிகை மாடமாகக் கட்டும் ‘ஜனதா’ கலம் உத்தரப்பிரதேசத்தில் உருவாயிற்று. 1984-இல் அதனினும் செலவு குறைந்த ‘தீனபந்து’ வந்தது. 1980-இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நடுவணரசும் மானியத்துடன் ஒரு தேசியத் திட்டம் வகுத்தது.

எனினும் கட்டிய கலங்கள் யாவும் எரியவில்லை. பல வெறுங்குழிகளாகக் கிடந்தன. காரணம் யாது? கலம் உயிருள்ள வயிறு போன்றது. நாள்தோறும் அளவோடு ஊட்ட வேண்டும். பல நாள் பட்டினியிட்டு ஒரே நாளில் நிரப்பினால் அமிலம் மிகுந்து வாயு நின்றுவிடும். ஆண்டு முழுவதும் படிக்காமல் தேர்வின் முதல்நாள் இரவு படிக்கும் மாணவனுக்கு இந்தக் கலம் நல்ல ஆசான்!

மற்றொரு காரணம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. மாடில்லாத ஏழைக்கு இதனால் என்ன பயன்? தெருவிலும் மேய்ச்சல் வெளியிலும் விழுந்த சாணத்தைக் கூடையில் பொறுக்கி வரட்டி தட்டியவர்கள் அவர்களே. சாணத்திற்கு மதிப்பு ஏறினால் உடையவர் அதை விடமாட்டார். ஒருவர் வீட்டில் நீலச்சுடர் எரிய, மற்றொருவர் வீட்டில் அடுப்பு அணைவது முன்னேற்றமாகுமா? இக்கேள்வியைக் கேளாமல் எந்தக் கருவியையும் புகழ்தல் தகாது.

நான் வாழும் மண்ணூர்ப் பக்கத்தை எண்ணிப் பார்க்கிறேன். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்தன. வயல் சுருங்கும் இடத்தில் தொழுவமும் சுருங்கும். அப்படியானால் இக்கதை முடிந்ததா? இல்லை. நுண்ணுயிர்களுக்குச் சாணமே வேண்டுமென்பதில்லை. மிஞ்சிய சோறும் காய்கறிக் கழிவும் போதும். சென்னைக் கோயம்பேடு சந்தையின் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே நிலையம் அமைத்தனர். 2018-இல் நடுவணரசு, இவ்வாயுவைத் தூய்மைப்படுத்தி, அழுத்தி, வண்டிகளுக்கு எரிபொருளாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் உண்ணும் ஆலை உணவுக்கூடங்கள் உள்ள ஊரில் மூலப்பொருளுக்கு ஏது பஞ்சம்?

ஆனால் அந்தக் குழம்பு எங்கே போகும்? வாயுவை மட்டும் எடுத்துக்கொண்டு எருவைச் சாக்கடையில் விட்டால், வயல் மீண்டும் தோற்றுவிடும். எஞ்சியுள்ள வயல்களுக்கு அது திரும்ப வேண்டும். வோல்டா கண்ட குமிழி முதல் நாம் கற்கும் பாடம் இதுதான்: வாயுவைத் தருவது இயற்கை, அதை நாள்தோறும் பேணுவதும் நேர்மையாகப் பங்கிடுவதும் மனிதர் கடமை. அக்கடமை இனி உங்களுடையது.