பால் கட்டும் பகல்

நான் பிறந்தபோது என் அம்மா எனக்குச் சீம்பால் கொடுக்கவில்லை. பீய்ச்சிச் சுவரோரம் ஊற்றிவிட்டதாக அவளே சொல்லியிருக்கிறாள். மஞ்சளாய்க் கெட்டியாய் வருவது கெட்ட பால் என்பது அந்நாளைய எங்கள் ஊர் வேப்பூர்க் கிழவிகளின் தீர்ப்பு. மூன்று நாள் சர்க்கரைத் தண்ணி. தெருவில் கழுதைப் பால்காரர் வந்தால் ஒரு சங்கு. அப்புறம்தான் தாய்ப்பால்.

ஆனால் தொடக்கத்தில் சீம்பாலைத் தவறவிட்ட அம்மா, தாய்ப்பாலைப் பிற்பாடு நிறுத்தவே இல்லை. மல்லாட்டைக் கொல்லையில் களையெடுக்கப் போனால் வேப்பமரத்துக் கிளையில் தூளி ஆடும். "புள்ள அழுவுது, போய் குடுத்துட்டு வாடி" என்று கூட வேலை செய்பவர்களே அனுப்பிவிடுவார்கள். கூலி குறைவு, வெயில் கொடுமை. அந்தக் காலத்தை நான் கொண்டாடவில்லை. ஆனாலும் தூளி வேலைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

1986-ல் கிராம சுகாதாரச் செவிலியர் வேலையில் சேர்ந்தேன். மறு வருஷம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் வந்தது. பிரசவத்தால் கூலி இழக்கும் ஏழைப் பெண்ணுக்கு 300 ரூபாய். அந்த வருஷங்களில் சீம்பாலுக்காகக் கிழவிகளோடு நான் போட்ட சண்டைக்கு அளவில்லை. பால் பவுடர் டப்பாவோடும் சண்டைதான். டப்பா மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரிக்கும். அந்தப் படத்துக்கும் விளம்பரத்துக்கும் 1992-ல் சட்டம் தடை போட்டது. மெல்ல மெல்லப் பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயின, சர்க்கரைத் தண்ணியும் குறைந்தது.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளோ 55.1 சதவீதம். இந்தியா முழுவதற்குமான கணக்கு 63.7. இத்தனை ஆஸ்பத்திரிகள் இருந்தும் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்பு ஒரே தெருவில், ஒரே மாதத்தில் இரண்டு பிரசவம் பார்த்தேன். ஒருத்தி அரசுப் பள்ளி ஆசிரியை. 2021 ஜூலை முதல் அரசுப் பணியாளருக்குப் பேறுகால விடுப்பு 12 மாதம். அவள் பிள்ளைக்கு அந்த வருஷம் முழுக்கத் தாய்மடி. இன்னொருத்தி விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் தினக்கூலி. 2017-ல் மத்திய சட்டம் 26 வாரம் விடுப்பு என்றது. அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஐம்பதாம் நாள் பஸ் ஏறிவிட்டாள்.

ஒருநாள் விருத்தாசலம் போனபோது அவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பட்டறைக்குப் போனேன். பச்சை மண்ணில் அச்செடுத்த ஃபியூஸ் கட்டைகளின் ஓரத்தை ஈரப் பஞ்சால் வழித்துக்கொண்டிருந்தாள். மண் காய்ந்து விரலெல்லாம் வெள்ளையாய் வெடித்திருந்தது. சேலை முன்பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது.

"பால் கட்டிக்கிச்சு நர்சம்மா, கல்லு மாதிரி இருக்கு" என்றாள்.

கையைக் கழுவிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தரையில் பீய்ச்சினாள். கொட்டிக் கிடந்த வெள்ளை மண்மேல் விழுந்த பால் கண்ணுக்கே தெரியவில்லை. என் அம்மா சுவரோரம் ஊற்றியது அறியாமையால். இவளுக்கு எல்லாம் தெரியும், சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளை தரவேண்டும் என்று 1961-லேயே சட்டம் எழுதியாகிவிட்டது. அந்த இடைவேளையைக் கொடுத்தாலும் இவள் பிள்ளை வேப்பூரில் மாமியார் மடியில் அல்லவா இருக்கிறது? 2015-ல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள், நல்ல காரியம். பட்டறை வாசலில் அப்படி ஓர் அறையும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். அதுவரை விடுப்புள்ளவள் பிள்ளைக்கு ஒரு நியாயம், கூலிக்காரி பிள்ளைக்கு ஒரு நியாயம்தான்.

அப்போதைக்கு என்னால் முடிந்தது பாலாடை. மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணத்தை, எடை குறைந்த சிசுக்களுக்குப் பாலூட்ட உலக சுகாதார நிறுவனமே 2011 வழிகாட்டுதலில் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறது. கிளம்பும் முன் சுத்தமான டம்ளரில் பீய்ச்சி மூடி வைக்கவும், நாலு மணி நேரத்துக்குள் பாலாடையால் புகட்டிவிடவும் சொல்லிக்கொடுத்தேன். மாமியார் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் புகட்டினார்.

அது காலைக்குத்தான் போதும். பகல் பால் மண்ணுக்குத்தான் போனது. சாயங்காலம் கூட்டு ரோட்டில் இறங்கினால் அவள் யாரிடமும் நின்று பேசமாட்டாள். நகக்கண்ணில் வெள்ளை மண்ணோடு, மாரை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடுவாள்.