தொழிற்சாலையில் வார்த்த பகை

1

அக்கா மகனுக்குப் பதினோரு வயது. 2024இல் வெளியான 'டிரான்ஸ்பார்மர்ஸ் ஒன்' படத்தைப் பார்த்ததிலிருந்து அவனுடைய உலகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒருபக்கம் ஆட்டோபாட்டுகள், மறுபக்கம் டிசெப்டிகான்கள். லாரியாக மாறக்கூடிய ஆப்டிமஸ் பிரைம் ஒரு கூட்டத்துக்குத் தலைவன், மெகாட்ரான் இன்னொன்றுக்கு. இரண்டு கூட்டத்துக்கும் சொந்தக் கிரகம் சைபர்ட்ரான். படத்தோடு நிற்காமல் பழைய காமிக்ஸ்களையும் தேடி வாசிக்க ஆரம்பித்தவன் ஒருநாள் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினான். கிரகங்களைத் தின்னும் யூனிக்ரான் சைபர்ட்ரானை விழுங்க வருகிறது. அதுவரை வெட்டிக்கொண்டிருந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து நிற்கின்றன.

"வெளியாள் வந்தா சேர்ந்துக்க முடியுதுல்ல மாமா, அப்ப மத்த நாளெல்லாம் என்னத்துக்குச் சண்டை போட்டாங்க?"

எம்.ஏ. தமிழ் படித்த மாமனிடம் பதில் இல்லை. விளையாட்டுக் கதைதானே என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. பகைவர்கள் பொது ஆபத்தின் முன் கைகோர்க்கிறார்கள் என்ற கதையாடல் நம்முடைய கூட்டங்களிலும் துண்டறிக்கைகளிலும் ஓயாமல் புழங்குவதுதான். அதன் ஒரு வடிவம் எங்கே, எப்போது, யாரால் வார்க்கப்பட்டது என்பதற்குத் தேதியோடு வரலாறு கிடைக்கிறபோது அதைப் பார்த்துவிடுவது நல்லது.

2

முதலில் ஒரு தகவல். இந்த இயந்திர மனிதர்கள் பிறந்தபோது அவர்களுக்குள் பகை கிடையாது.

ஜப்பானின் டகாரா கம்பெனி 1980இல் 'டயாக்லோன்' என்ற பொம்மை வரிசையைக் கொண்டுவந்தது. வண்டியாகவும் விமானமாகவும் மாறும் ரோபோக்கள், உள்ளே உட்கார்ந்து ஓட்டும் குட்டி மனிதர்கள். ரோபோவுக்கு உயிரோ பெயரோ அரசியலோ இல்லை. அது வாகனம், அவ்வளவுதான். 1974இல் தொடங்கிய 'மைக்ரோமேன்' வரிசையின் கிளையாக 1983இல் 'மைக்ரோசேஞ்ச்' வந்தது. துப்பாக்கி, கேசட் பிளேயர் என வீட்டில் கிடக்கும் சாமான்கள் ரோபோவாக மாறின. பின்னாளில் ஆப்டிமஸ் பிரைம் ஆன லாரி டயாக்லோனைச் சேர்ந்தது. மெகாட்ரான் ஆன கைத்துப்பாக்கி மைக்ரோசேஞ்சைச் சேர்ந்தது. டிசெப்டிகான் படையின் போர் விமானங்களாக நாம் அறிந்தவை, டயாக்லோனில் அந்த லாரியோடு ஒரே அணியில் பூமியைக் காத்துக்கொண்டிருந்தவை.

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி இந்தப் பொம்மைகளை வாங்கி 1984இல் ஒரே பெயரின் கீழ் விற்பனைக்கு விட்டது. விற்கக் கதை வேண்டும். மார்வெல் காமிக்ஸின் ஜிம் ஷூட்டர் அடிப்படைக் கதையை எழுதினார். பாப் புடியான்ஸ்கி பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் கொடுத்தார். உள்ளே இருந்த குட்டி மனிதர்கள் தூக்கி எறியப்பட்டார்கள், ரோபோவுக்கு உயிர் வந்தது. உயிரோடு சேர்ந்தே பகையும் வந்தது. ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக், நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் நல்லவன் அந்தப் பக்கம் கெட்டவன் என்று பங்கு பிரிக்கப்பட்டது. ஒரு குழந்தை ஒரு பொம்மையோடு நின்றுவிட முடியாது. சண்டைக்கு எதிராளி வேண்டும். பகை என்பது இங்கே விற்பனையை இரண்டால் பெருக்கும் எளிய கணக்கு.

1985இல் ஹாஸ்ப்ரோ செய்த காரியம் இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு பொம்மையின் மேலும் சூட்டில் நிறம் மாறும் ஒரு சின்ன ஸ்டிக்கர். பார்த்தால் கறுப்புக் கட்டம். கட்டைவிரலால் தேய்த்தால் உள்ளிருந்து முத்திரை தெளியும்: ஆட்டோபாட்டா, டிசெப்டிகானா என்று. போலிப் பொம்மைகளிலிருந்து அசலைப் பிரித்துக்காட்டத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அது குழந்தைக்குக் கற்றுத்தந்தது வேறொன்று. எதிரே நிற்பவன் எதற்காகப் போராடுகிறான், அவனுக்கு என்ன குறை என்று கேட்க வேண்டியதில்லை, தேய்த்துப்பார்த்தால் போதும். அடையாளம் உள்ளேயே இருக்கிறது, பிறப்பிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. இதை வாசிக்கிற நம் ஊர்க்காரர் யாருக்கும் இந்த விரல் சூடு அந்நியமானதல்ல.

3

இந்த வியாபாரத்துக்குச் சட்டம் வழிவிட வேண்டியிருந்தது. 1969இல் 'ஹாட் வீல்ஸ்' பொம்மைக் கார்களை வைத்து ஒரு கார்ட்டூன் தொடர் வந்தபோது, இது நிகழ்ச்சியல்ல, அரைமணி நேர விளம்பரம் என்று புகார் எழுந்தது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமும் அதைக் கண்டித்தது. ரீகன் ஆட்சியில் அந்த ஆணையத்தின் தலைவர் மார்க் ஃபவுலர். தொலைக்காட்சி என்பது படம் காட்டுகிற ரொட்டி வாட்டும் கருவி, அதற்குமேல் ஒன்றுமில்லை என்ற கருத்துடையவர். 1984இல் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்புகளை ஆணையம் விலக்கிக்கொண்டது. அதே 1984 செப்டம்பரில் டிரான்ஸ்பார்மர்ஸ் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. பெக்கி சாரன் போன்றவர்கள் குழந்தைகளுக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். ஓரளவு கட்டுப்பாடு மறுபடி சட்டமாக வர 1990 ஆயிற்று.

1986 ஆகஸ்டில் திரைப்படம் வந்தது. அதில் ஆப்டிமஸ் பிரைம் செத்துப்போகிறான். பழைய பொம்மைகளைக் கடை அலமாரியிலிருந்து இறக்கிப் புதியவற்றை ஏற்ற வேண்டும், அதனால் சாவு. தியேட்டரில் குழந்தைகள் அழுதார்கள், கடிதங்கள் குவிந்தன. கம்பெனி அவனை 1987 பிப்ரவரியில் உயிர்ப்பித்துக் கொடுத்தது. மரணமும் உயிர்த்தெழுதலும் இருப்புக் கணக்கைப் பொறுத்தது என்று ஆன பிறகு, பகையும் ஒற்றுமையும் மட்டும் வேறெதைப் பொறுத்து இருக்க முடியும்? அந்த உயிர்த்தெழுதல் கதையின் முடிவில்தான் எதிரித் தலைவன் கால்வட்ரானும் பிரைமும் கை குலுக்குகிறார்கள்.

யூனிக்ரான் நுழைவதும் இந்த 1986 படத்தில்தான். அதற்குக் குரல் கொடுத்த ஆர்சன் வெல்ஸ், படம் வெளிவருவதற்கு முன்பே, 1985 அக்டோபரில் இறந்துபோனார். அக்கா மகன் காட்டிய பக்கம் காமிக்ஸிலிருந்து வந்தது. சைமன் ஃபர்மன் எழுதி, 1991 பிப்ரவரி தேதியிட்டு வந்த 75ஆம் இதழ். அதற்கு முந்தைய இதழ்களிலேயே, வரப்போகும் ஆபத்தை உணர்ந்த ஆப்டிமஸ் பிரைம், எதிரித் தலைவன் ஸ்கார்ப்போனாக்கிடம் தன் படையோடு சரணடைந்துவிடுகிறான். பொம்மைக் கதைக்கு இது பெரிய துணிச்சல். ஆனால் தலைவர்கள் சேர்ந்ததும் கீழே சமாதானம் வந்துவிடவில்லை. டிசெப்டிகான்களுக்குள்ளேயே உள்நாட்டுப் போர் மூள்கிறது. கடைசியில் யூனிக்ரானை எதிர்த்து ஸ்கார்ப்போனாக் சாகிறான், பிரைமும் சாகிறான், யூனிக்ரான் அழிகிறது. பிறகு? சில இதழ்களுக்குள் மறுபடி பழைய போர். 1991 ஜூலை தேதியிட்ட 80ஆம் இதழோடு அந்தத் தொடர் நின்றது.

ஃபர்மனை நான் மதிப்பது இதற்காகத்தான். பொது எதிரி தருகிற ஒற்றுமை பொது எதிரியின் ஆயுள் வரைக்கும்தான் என்பதை அவர் மறைக்கவில்லை.

4

இதே காலத்தில் இதே கதையை நிஜ உலகத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். ரீகன்தான். 1985 நவம்பரில் ஜெனீவாவில் கோர்பச்சேவைச் சந்தித்தபோது, வேற்றுக் கிரகத்திலிருந்து படையெடுப்பு வந்தால் நாம் இருவரும் வேற்றுமையை மறந்துவிட மாட்டோமா என்ற பொருளில் பேசினார். 1987 செப்டம்பர் 21 அன்று ஐ.நா. பொதுச்சபையிலும் அதையே சொன்னார். பொம்மைக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட ஆட்சியின் தலைவர், பொம்மைக் கதையை ராஜதந்திரமாகப் பேசியது தற்செயலாகவே இருக்கட்டும். இரண்டு பேச்சும் ஒரே தர்க்கத்தில் ஓடுகின்றன.

அந்தத் தர்க்கத்தை 1932இல் எழுதிவைத்தவர் ஜெர்மானியச் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட். அடுத்த ஆண்டே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். நண்பன் - எதிரி என்ற பிரிவினைதான் அரசியலின் சாரம் என்பது அவர் வாதம். ஆகவே மனித குலம் முழுமைக்கும் ஓர் அரசியல் இருக்க முடியாது. அதற்கு எதிரி, குறைந்தபட்சம் இந்தக் கிரகத்தில், கிடையாது. ரீகன் இந்த வாதத்தை மறுக்கவில்லை, கோளாறை மட்டும் சரிசெய்தார்: இந்தக் கிரகத்தில் இல்லாவிட்டால் வேறு கிரகத்திலிருந்து ஒரு மற்றமையை வரவழைத்தால் போயிற்று. இந்தச் சொல்லாடலில் ஒற்றுமைக்குச் சொந்தமாக உள்ளடக்கம் இல்லை. வெளியே ஒரு பூதத்தை நிறுத்தும்வரை உள்ளே எவரும் எவரோடும் சேர முடியாது. பூதம் வந்துவிட்டாலோ யாரும் எதையும் கேட்க முடியாது.

5

'ரோபோ' என்ற சொல் பிறந்த இடத்துக்கே போனால் வேறொரு கதை கிடைக்கிறது. காரல் சாப்பெக்கின் 'ஆர்.யு.ஆர்.' நாடகம் 1920இல் நூலாக வந்தது, 1921 ஜனவரியில் பிராக் நகரில் மேடையேறியது. சொல்லைக் கொடுத்தவர் அவர் அண்ணன் ஜோசப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையடிமை தன் பிரபுவுக்குச் செய்தாக வேண்டிய கூலியில்லா உழைப்பு. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி'யும் இதுதான். கட்டாய உழைப்பின் பெயர், அந்த உழைப்பை வாங்கித் தின்றவர்களின் வாயிலேயே 'வீண் வேலை' என்று தேய்ந்ததை மொழி ஞாபகம் வைத்திருக்கிறது. ஆக ரோபோ என்றால் இயந்திரம் என்பதற்கு முன்னால், வெட்டிக்காரன் என்று பொருள்.

சாப்பெக்கின் நாடகத்தில் ரோபோக்கள் ல ஹாவர் துறைமுகத்தில் சங்கம் அமைக்கிறார்கள். உலகத்து ரோபோக்களுக்கெல்லாம் அறைகூவல் விடுகிறார்கள். தொழிற்சாலையின் தலைவர் டோமின் இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறார். இனி ஒரே ஆலையில் ஒரே மாதிரி ரோபோ வேண்டாம். நாட்டுக்கு நாடு தனி ஆலை, தனி நிறம், தனி மொழி. ஒருவனை ஒருவன் புரிந்துகொள்ளாமல், தலைமுறை தலைமுறையாக வெறுத்துக்கொண்டு கிடப்பார்கள், சேரவே மாட்டார்கள். திட்டம் நிறைவேறும் முன்பே கலகம் வந்துவிடுகிறது. பகையை உற்பத்தி செய்வது நிர்வாகத்தின் வேலைத்திட்டம் என்று ஒரு நாடகாசிரியர் எழுதி 64 வருஷம் கழித்து, ஒரு பொம்மைக் கம்பெனி அந்தத் திட்டத்தை விளையாட்டாகவே நிறைவேற்றிக் காட்டியது.

வேடிக்கை என்னவென்றால், பொம்மைக் கதையே ஓரிடத்தில் இந்த உண்மையை உளறிவிடுகிறது. 1986 செப்டம்பரில் ஒளிபரப்பான ஐந்து பகுதிக் கதையில் சைபர்ட்ரானின் பூர்வகதை வருகிறது. அது முதலில் ஒரு தொழிற்சாலை. நடத்தியவர்கள் குவின்டெஸ்ஸான்கள். அங்கே இரண்டு வரிசைகளில் உற்பத்தி நடந்தது: வீட்டுச் சாமான் ஒன்று, போர்த் தளவாடம் இன்னொன்று. முன்னதன் வழிவந்தவர்கள் ஆட்டோபாட்டுகள், பின்னதன் வழிவந்தவர்கள் டிசெப்டிகான்கள். அந்த அடிமைகள் கலகம் செய்து முதலாளிகளை விரட்டினார்கள். விரட்டிய பிறகுதான் இரண்டு வரிசைக்குள் சண்டை. முதலாளி போனபின்னும் அவன் போட்ட கோடு போகவில்லை.

2024 படம் இன்னும் ஒருபடி போகிறது. பின்னாளைய பிரைமும் மெகாட்ரானும் இதில் சுரங்கத் தொழிலாளிகள், சிநேகிதர்கள். உருமாறும் உறுப்பு பிறப்பிலேயே அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டிருக்கிறது. அவர்கள் வணங்கும் தலைவன் சென்டினல் பிரைம், அவர்கள் தோண்டிய எரிபொருளைக் குவின்டெஸ்ஸான்களுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருக்கிறான். உண்மை தெரிந்ததும் இருவரும் சேர்ந்தே எழுகிறார்கள். பிரிவது, துரோகியை என்ன செய்வது என்ற கேள்வியில். இது ஸ்டிக்கர் சண்டை அல்ல, நிஜமான அரசியல் கேள்வி. படம் அதை விவாதிக்க விடவில்லை. ஒருவனுடைய நிதானம் தலைமைப் பண்பாகவும் இன்னொருவனுடைய கோபம் நோயாகவும் காட்டப்பட்டு விஷயம் முடித்துவைக்கப்படுகிறது. கோபப்பட்டவன் கையில் மறுபடியும் பழைய முத்திரை.

6

பல வருஷம் முன்னால் ஓர் ஊரில் ஒரு கூட்டு எதிர்ப்புக் குழுவின் கூட்டம். நிலத்தை எடுக்க வருகிற ஒரு திட்டத்துக்கு எதிராக ஊரும் சேரியும் ஒரே பந்தலில். மேடையில் இரண்டு தரப்புப் பெரியவர்களும் கைகளை உயர்த்திப் பிடித்து நின்றார்கள். நானும் கைதட்டினேன். சேரியிலிருந்து வந்த ஓர் அம்மா எழுந்து, கோயில் தெருவில் நாங்கள் செருப்புப் போட்டு நடக்கிற விஷயத்தையும் இதே மேடையில் பேசி முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், இப்ப நேரமில்ல" என்று ஒருவர் மைக்கை வாங்கிக்கொண்டார். மறுத்து நான் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வரும்போது அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "அவன் வந்தா நாங்க எல்லாம் ஒண்ணு. அவன் போயிட்டா?"

ஒற்றுமை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். யூனிக்ரான் வந்தால் எதிர்த்துத்தான் ஆக வேண்டும். நிலத்தை எடுக்க வந்தவனும் கற்பனை இல்லை. ஆனால் ல ஹாவரின் ஒற்றுமை ஒன்று, கைகுலுக்கிய தலைவர்களின் ஒற்றுமை வேறொன்று. முதலாவது கீழே இருக்கிறவர்கள், தங்களைப் பிரித்த கோட்டையே பிரச்சினையாக எடுத்துக்கொண்டு சேர்வது. இரண்டாவது கோட்டை அப்படியே விட்டுவிட்டு, தலைவர்கள் மட்டும் கோட்டின் மேல் கையை நீட்டுவது. எதிரி போனதும் கை திரும்பிவிடும், கோடு அங்கேயே இருக்கும்.

அக்கா மகனிடம் ஒருவழியாக இப்படிச் சொன்னேன்: "அவங்க போட்டது கம்பெனி எழுதிக்கொடுத்த சண்டைடா. அவங்க உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய சண்டை ஒண்ணு இருந்துச்சு. அதை யாரும் அவங்களைப் போட விடல."

அவன் யோசித்தான். பிறகு கேட்டான்: "யூனிக்ரான் வர்றதுக்கு முன்னாடியே அதைப் போட்டு முடிச்சிருக்கலாம்ல?"

முடித்திருக்கலாம். அந்த மைக்கை ஒருவர் வாங்கியபோது நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கவும் செய்யலாம்.