வெள்ளை அங்கி வீரர்கள்: போர்க்கால ஜப்பானில் காயமுற்ற சிப்பாய்கள்

மாண்ட்ரியல் தீவின் மேற்குக் கோடியில், கர்க்லாண்டிலிருந்து காரில் சிறிது தூரம் போனால் செயிண்ட் ஆன் மருத்துவமனை வருகிறது. முதல் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய கனடாச் சிப்பாய்களுக்காக 1917இல் தொடங்கப்பட்டது. 2016இல் மத்திய அரசு அதைக் கியூபெக் மாகாணத்திடம் ஒப்படைத்தது. வென்ற நாடு தன் ஊனமுற்ற படைவீரனை வைத்துப் பார்க்கும் முறை இது. தோற்ற நாடு என்ன செய்தது என்பதற்கு ஜப்பானைப் பார்க்க வேண்டும். அங்கே காயமுற்றவனுக்கு அரசு சூட்டிய பெயர்களைத் தொடர்ந்து போனாலே பாதிக் கதை விளங்கிவிடும்.

1904-05 ருஷ்ய-ஜப்பானியப் போருக்குப் பின் கை கால் இழந்து வந்தவர்களை 'ஹைஹெய்' என்றார்கள். பயனற்றுப்போன சிப்பாய் என்பது பொருள். 1906இல் சட்டம் இயற்றி, அவர்களுக்கென்று டோக்கியோவில் ஓர் இல்லம் அமைத்தார்கள். அதன் பெயரிலும் இந்தச் சொல்லே இருந்தது. ஓய்வூதியம் போதாமல் வீடு வீடாக மருந்து விற்றுப் பிழைத்தவர்களும் உண்டு.

எதொகவா ரன்போ 1929இல் எழுதிய 'இமொமுஷி' (புழு) என்ற சிறுகதை இந்த நிலையைத்தான் தொட்டது. இரு கைகளும் இரு கால்களும் போய், பேச்சும் செவியும் போய், கண்கள் மட்டும் மிஞ்சிய ஒரு லெப்டினன்ட்; அவனுக்குச் சோறூட்டிக்கொண்டே மெல்லக் கொடூரமாகும் மனைவி; பக்கத்தில் அவனுடைய பதக்கமும் புகழ்பாடும் செய்தித்தாள் நறுக்கும். இடதுசாரிகள் இதைப் போர் எதிர்ப்புக் கதையெனப் பாராட்ட, ரன்போவோ அப்படி ஒரு நோக்கம் தமக்கில்லை என்றார். தணிக்கையாளர்கள் அவரை நம்பவில்லை. 1939இல் கதைக்குத் தடை வந்தது. இந்த விஷயத்தில் ஆசிரியரைவிடத் தணிக்கையாளர்களே கதையைச் சரியாக வாசித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

1931இல் பழைய சொல் கைவிடப்பட்டு, 'ஷோய் குன்ஜின்' (காயமுற்ற படைவீரர்) என்பது வழக்கானது. 1937இல் சீனப் போர் மூண்டு, காயம்பட்டவர்கள் கப்பல் கப்பலாக வரத் தொடங்கியதும் அரசு விழித்துக்கொண்டது. 1938இல் அவர்களுக்கெனத் தனி வாரியம், செயற்கைக் கை கால்கள், தொழிற்பயிற்சி, மார்பில் அணியச் சின்னம். மருத்துவமனையில் அவர்கள் உடுத்திய வெள்ளை அங்கியே புகழ்ப்பெயராகி 'வெள்ளை அங்கி வீரர்' என்ற சொல் பரவிற்று. இளம்பெண்கள் அவர்களை மணப்பது நாட்டுப்பற்று என்று பிரச்சாரம் நடந்தது. பராமரிப்புச் செலவின் பெரும்பங்கு இவ்வாறு மனைவியின் தோளுக்கு மாறியது. ரன்போவின் கதைக்கு ஏன் தடை என்பதும் இங்கே புரிகிறது.

இதெல்லாம் ஊர் வந்து சேர்ந்தவனுக்கு. போர்முனையில் கதை வேறு. 1941 ஜனவரியில் வெளியான 'செஞ்சின்குன்' என்ற களநெறி நூல், சிறைப்படும் இழிவை உயிரோடு ஏற்காதே என்றது. நடக்க முடியாதவன்தானே முதலில் சிறைப்படுவான்? 1943 மே மாதம் அலாஸ்காவின் அட்டு தீவில் இறுதித் தாக்குதலுக்கு முன் களமருத்துவமனை நோயாளிகள் கொல்லப்பட்டதை, கலிஃபோர்னியாவில் படித்த படைமருத்துவர் தட்சுகுச்சி தம் நாட்குறிப்பில் எழுதிவிட்டு மடிந்தார். 1944இல் இம்பாலில் தோற்று, கொட்டும் மழையில் சிந்த்வின் ஆற்றை நோக்கிப் பின்வாங்கிய பாதையை ஜப்பானியரே 'வெள்ளெலும்புச் சாலை' என்று அழைத்தனர். நடக்க இயலாதோர் கையில் ஒரு கையெறிகுண்டு கொடுக்கப்பட்டது. அதே பாதையில்தான் இந்திய தேசிய இராணுவத்தினரும் பசியோடும் மலேரியாவோடும் திரும்பினர். மேமியோ மருத்துவமனையில் அவர்களைக் கவனித்தவர்கள் ஜான்சி ராணிப் படைப் பெண்கள், மலாயாத் தமிழ்ப்பெண்கள் பலர் இருந்த படை அது.

1945இல் ஒகினாவாவில் 222 பள்ளி மாணவிகளும் 18 ஆசிரியர்களும் இராணுவ மருத்துவமனைக் குகைகளில் தாதியராக்கப்பட்டனர். 'ஹிமெயூரி' மாணவிகள் என்று இவர்களைக் குறிப்பிடுவர். மே இறுதியில் ஹயெபாரு குகைகளைக் காலி செய்தபோது, எழ முடியாத நோயாளிகளுக்குப் பாலில் சயனைடு கலந்து கொடுக்கப்பட்டது. அந்த 240 பேரில் 136 பேர் பிழைக்கவில்லை. ஓகா ஷோஹெய் 1951இல் எழுதிய 'நொபி' நாவல், காசநோய்ச் சிப்பாயைப் படைப்பிரிவு மருத்துவமனைக்கு விரட்ட, மருத்துவமனை அவனிடம் உணவில்லை என்று திருப்பி விரட்டுவதில் தொடங்குகிறது. பிலிப்பைன்ஸில் சிறைப்பட்டுப் பிழைத்தவர் ஓகா. அவருக்கு இது கற்பனை அன்று.

எதிரியிடம் அகப்பட்டவனுக்குச் சில சமயம் நல்ல வைத்தியம் கிடைத்தது. மாண்ட்ரியல் அறுவை மருத்துவர் நார்மன் பெத்யூன், 1938-39இல் வடசீன மலைகளில் சீனர்களோடு காயமுற்ற ஜப்பானியக் கைதிகளுக்கும் சிகிச்சை செய்தார். நகர மையத்தில் கய் தெருவருகே நிற்கும் வெள்ளைச் சிலை அவருடையது. அவர் பெயரால் அமைந்த மருத்துவமனையைப் பின்னர் ஏற்று நடத்தியவர் சோலாப்பூரின் துவாரகாநாத் கோட்னிஸ்.

தோல்விக்குப் பின், 1946 பிப்ரவரியில், நேசநாட்டு ஆக்கிரமிப்பு ஆட்சியின் ஆணைப்படி இராணுவ ஓய்வூதியங்கள் நிறுத்தப்பட்டன. ஊனமுற்றோருக்கு மட்டும் வெகுவாகக் குறைந்த தொகை மிஞ்சியது. நேற்றைய வெள்ளை அங்கி இன்று பிச்சையுடை ஆயிற்று. ரயில் நிலையங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் அதே அங்கியோடு, அக்கார்டியன் வாசித்து, முன்னால் பெட்டி வைத்து நின்றார்கள். போலிகளும் கலந்திருப்பதாகச் சொல்லி மக்கள் முகம் திருப்பிக்கொண்டனர். ஈழப்போரில் கால் இழந்து ஊர் திரும்பியவர்களைப் பற்றிய கதைகளை வாசித்தவர்களுக்கு இந்த முகத்திருப்பல் புதிதன்று. 1952இல் உதவிச் சட்டமும் 1953இல் ஓய்வூதியமும் மீண்டன. 1952இல் பிறந்த ஜப்பான் காயமுற்ற படைவீரர் சங்கம், முதுமையால் உறுப்பினர் குறைந்து 2013இல் கலைந்தது.

ஆனால் அந்தச் சட்டம் ஜப்பானியக் குடிமக்களுக்கு மட்டுமே. சக்கரவர்த்தியின் படையில் சேர்க்கப்பட்டு உறுப்பிழந்த கொரியர்கள், 1952இல் சமாதான ஒப்பந்தம் அமலானபோது குடியுரிமை இழந்தனர், உதவியும் போயிற்று. கொரியாவும் அவர்களை ஏற்கவில்லை. இயக்குநர் ஓஷிமா நாகிசா 1963இல் தொலைக்காட்சிக்காக எடுத்த 'மறக்கப்பட்ட சக்கரவர்த்திப் படை' ஆவணப்படத்தில் அவர்கள் வெள்ளை அங்கியோடு டோக்கியோ தெருக்களில் மனுக்கொடுக்க நடக்கிறார்கள். இரு கண்ணும் ஒரு கையும் இழந்த ஒருவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறார். விழியில்லாத குழியிலிருந்து கண்ணீர் வழிகிறது. அவர்களைப் போன்றோருக்கு 40 லட்சம் யென் ஒரேமுறை கொடுப்பதென நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2000இல்.