ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த டிவி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. காஞ்சிபுரத்துச் சேரிப் பிள்ளைகளான எங்களுக்கு டிவி வெகுகாலம் ஊர்த்தெரு ஜன்னல் வழியாகத் தெரிந்த படம்தான். உள்ளே ஒருவர் எழுந்து நின்றால் போச்சு. கதை பாதியில் ஜன்னலைச் சாத்துவார்கள். முடிவை நாங்களே சொல்லிக்கொண்டு வீடு திரும்புவோம்.

ஜன்னல் வரைக்கும்கூட வராத பிள்ளைகள் இருந்தார்கள். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை எறிய இன்னொரு கை தேவை. முன்பணம் வாங்கிய வீட்டின் பிள்ளைதான் பல தறிகளில் அந்தக் கை. பட்டுத் தொழிலில் கொத்தடிமையான பிள்ளைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது.

2006இல் திமுக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது, 14 அங்குலம். 'ஓசி டிவி' என்று சிரித்தவர்கள் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்கள். அடுத்த ஆண்டே சுட்டி டிவி. எங்கள் தெருப் பிள்ளைகள் சொந்தத் தரையில் படுத்துப் பார்த்தார்கள். கேபிளுக்கு மட்டும் மாதாமாதம் காசு.

2016 திருத்தச் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. விலக்கு இரண்டு: பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம், டிவி தொடரில் நடிக்கலாம். வீட்டுத் தறியில் நாடா எறியும் பிள்ளை உதவிக்கு எறிகிறதா, முன்பணத்துக்கு எறிகிறதா என்று எந்த அதிகாரி வாசலில் வந்து கேட்கிறார்?