தனியாட்டமும் தற்செயலின் கணக்கும்

சீட்டாட்டம் என்றதும் பெரியோர் முகம் சுளிப்பது நம் நாட்டு வழக்கம். அதில் நியாயமும் உண்டு. சூதின் தீமையைச் சொல்வதற்கென்றே திருவள்ளுவர் தனியே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். பணயம் வைத்து ஆடும் ஆட்டத்தைப் புகழ நான் முன்வரவில்லை. எதிராளியும் பணயமும் இன்றி, ஒருவர் தனித்திருந்து ஆடும் சீட்டாட்டமும் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதனைப் ‘பேஷன்ஸ்’, அதாவது ‘பொறுமை’ என்பர். அமெரிக்கர் ‘சாலிட்டேர்’ என்பர். பொழுதுபோக்கிற்கென்று தோன்றிய இவ்வாட்டம் அறிவியலில் ஒரு புதிய வழி பிறக்கக் காரணமாயிற்று. அவ்வரலாற்றையே ஈண்டுக் கூற விழைகிறேன்.

சீட்டுக்கட்டு 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இஸ்லாமிய நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. எகிப்தை ஆண்ட மம்லூக்கியரின் கட்டிலும் நான்கு இனங்களும் 52 சீட்டுகளும் இருந்தன. ஆனால் தனியாட்டம் பற்றிய குறிப்புகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் ஜெர்மன் நூல்களில் தென்படுகின்றன. அடுத்த நூற்றாண்டில் அது பிரான்சு, ரஷ்யா, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் பரவியது. செயின்ட் ஹெலினாத் தீவில் 1815 முதல் 1821 வரை சிறையிருந்த நெப்போலியன் இதை ஆடியே காலங்கழித்தார் என்றொரு கதை வழங்குகிறது. அவர் பெயர் பூண்ட ஆட்டங்களும் பல உள. எனினும், கதைக்குத் தக்க சான்று இல்லை. பெயர் வேறு, சான்று வேறு என்பதை வரலாறு பயில்வோர் மறத்தலாகாது.

தனியாட்டங்களுள் மிகவும் பரவியது ‘க்ளாண்டைக்’. 1896இல் பொன் கண்டெடுக்கப்பட்ட கனடா நாட்டுப் பகுதியின் பெயர் அது. ஆடும் முறை எளியது. கட்டைக் கலைத்து, முதல் நிரையில் 1 சீட்டு, இரண்டாவதில் 2, இவ்வாறே ஏழாவதில் 7 என 28 சீட்டுகளை இட வேண்டும். ஒவ்வொரு நிரையிலும் கடைசிச் சீட்டு மட்டும் திறந்திருக்கும், ஏனையவை கவிழ்ந்திருக்கும். எஞ்சிய 24 சீட்டுகள் கையிருப்பு. அவற்றை மும்மூன்றாகப் புரட்டி மேற்சீட்டைப் பயன்படுத்தலாம். நிரைகளில் சிவப்பும் கறுப்பும் மாறி மாறி, இறங்கு வரிசையில் வர வேண்டும். கறுப்பு எட்டின்மேல் சிவப்பு ஏழு அமரும். திறந்த சீட்டு அகன்றால் அதன்கீழ்க் கவிழ்ந்த சீட்டைத் திறக்கலாம். ஒழிந்த நிரையில் ராஜாவுக்கே இடம். ஏஸ் கிடைத்தால் தனியே வைத்து, அதன்மேல் அதே இனத்தின் 2, 3 என ராஜா வரை அடுக்க வேண்டும். ஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் நான்கும் இவ்வாறு நிறைவுற்றால் வெற்றி.

ஆடுபவர் மனத்தில் இயல்பாகவே ஒரு வினா எழும்: நூறு ஆட்டங்களில் எத்தனை வெல்லும்? எளிய வினாவாகத் தோன்றினும் விடை எளிதன்று. 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய வகைகளின் எண்ணிக்கை 68 இலக்கங்கள் கொண்டது. அவை அனைத்தையும் ஆராய்ந்து முடிப்பது எவராலும் இயலாது.

இவ்வினாவில் சிந்தை செலுத்தியவர் ஸ்டானிஸ்லா உலாம் என்னும் கணித அறிஞர். 1909இல் போலந்தியக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறியவர். 1946இல் மூளை அழற்சி நோய் அவரைத் தாக்கியது. மண்டையோட்டைத் திறந்து சிகிச்சை செய்தனர். உயிர் மீண்டது, அறிவு மீளுமோ என்பதே அனைவரின் அச்சமும். சிந்தனையே தொழிலாகக் கொண்டவருக்கு இதனினும் பெரிய இழப்பு யாது? பதின்மூன்றும் எட்டும் எத்தனை என்று மருத்துவர் கேட்டாராம். இத்தகைய கேள்வி தம்மிடம் கேட்கப்பட்டதே என்று நாணி, உலாம் தலையை மட்டும் அசைத்தார். இருபதின் வர்க்கமூலம் யாது என்று கேட்டபோது, ஏறத்தாழ 4.4 என்றார். மருத்துவர் மனம் தெளிந்து சிரித்தார். அவருக்கே விடை தெரியாதாம்!

உடல் தேறும் நாட்களில் உலாம் ‘கான்ஃபீல்டு’ என்னும் தனியாட்டத்தை ஆடி வந்தார். அது வெல்லும் வாய்ப்பைக் கணித விதிகளால் கண்டறிய முயன்றார், முடியவில்லை. அப்போது அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. நூறு முறை ஆடி, வென்றவற்றை எண்ணிப் பார்த்தால் என்ன? முழு உண்மை கைக்கு எட்டாவிடினும், அதன் அருகிலாவது சென்றுவிடலாமன்றோ? பிழையைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு ஆட்டங்கள் ஆட வேண்டும், அவ்வளவே.

கையால் ஆடுவதாயின் இது சலிப்பூட்டும் வேலை. ஆனால் அக்காலத்தில் ‘எனியாக்’ என்னும் மின்னணுக் கணிப்பொறி தோன்றியிருந்தது. உலாம் தம் எண்ணத்தை நண்பர் ஜான் வான் நாய்மனிடம் கூறினார். ஒரு பொருளினுள் செல்லும் நியூட்ரான் சிதறுமா, உறிஞ்சப்படுமா, அணுக்கருவைப் பிளக்குமா என்பதும் சீட்டு விழுவதைப் போன்றதே என இருவரும் கண்டனர். அம்முறைக்கு, சூதாட்டத்திற்குப் பேர்போன நகரின் பெயரால் ‘மாண்டி கார்லோ முறை’ என்ற பெயர் அமைந்தது. உலாமும் நிக்கலஸ் மெட்ரோபொலிசும் 1949இல் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டனர்.

இம்முறை முதலில் பயன்பட்டது அணு ஆயுத ஆய்வில் என்பதை மறைத்தல் முறையன்று. புற்றுநோயாளியின் உடலில் எவ்வளவு கதிர்வீச்சுச் செலுத்தலாம் என்று அளந்தறியவும் இன்று அதே முறை உதவுகிறது. கருவி ஒன்றே, கொள்ளும் நோக்கமே வேறு.

உலாமைப் போன்றோர் எழுப்பிய வினாவுக்கும் பின்னர் விடை வந்தது. கணிப்பொறியில் ஏராளமான ஆட்டங்களை ஆராய்ந்து 2019இல் ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இது: கவிழ்ந்த சீட்டுகள் யாவும் முன்பே தெரிந்தவருக்கு, க்ளாண்டைக் ஆட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 82 வெல்லத்தக்கவை. சீட்டைக் காணாது ஆடும் நமக்கு வெற்றி இதனினும் குறைவே.

தனியாட்டத்தில் பிறர் பார்ப்பதில்லை. தோற்கும் தறுவாயில் ஒரு சீட்டை மெல்ல இடம் மாற்றிவிட்டு வென்றதாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அங்ஙனம் செய்பவருக்கு உலாமின் வினாவுக்கு விடை கிட்டாது. வென்ற ஆட்டத்தோடு தோற்ற ஆட்டத்தையும் ஒளியாமல் எண்ணினால்தான் கணக்கு உண்மை பேசும். விடுமுறையில் ஓய்வு கிடைக்கும்போது ஒரு சீட்டுக்கட்டும் ஒரு குறிப்பேடும் எடுத்துக்கொள்ளுங்கள். நூறு ஆட்டம் ஆடி, ஒவ்வொன்றின் முடிவையும் உள்ளது உள்ளவாறே எழுதுங்கள். முதல் பத்து ஆட்டங்களில் கிடைக்கும் விகிதத்தையும் நூறின் முடிவில் கிடைப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தற்செயலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை உங்கள் குறிப்பேடே உங்களுக்குக் கற்பிக்கும்.